விரிசலைப் பாராட்டாதீர்கள்

"அந்த விரிசல்தாங்க இதோட அழகே."

என் மண்சிற்ப ஸ்டுடியோவை ஊருக்குத் திறந்துவிடும் நாளில் இந்த வாக்கியம் தவறாமல் வந்துவிடுகிறது. சொல்கிறவர் மாறுவார், எந்தச் சிற்பத்தைப் பார்த்துச் சொல்கிறார் என்பதும் மாறும், வாக்கியம் மட்டும் அப்படியே இருக்கும். குரல்கூட ஒன்றுதான்: கொஞ்சம் தணித்து, துக்க வீட்டில் ஆறுதல் சொல்கிற மாதிரி. போன வருஷம் தையில் அதைச் சொன்னவர் சென்னையிலிருந்து இசிஆர் வழியாக வண்டி ஓட்டிக்கொண்டு வந்த ஓர் இளைஞர். குறை சொல்ல முடியாத விருந்தாளி. வாசலில் செருப்பைக் கழற்றினார், காய்ந்துகொண்டிருந்த வேலைகள் பக்கம் போகாமல் பையை ஓரமாக வைத்தார், கேட்ட கேள்விகளும் நல்ல கேள்விகள். பின்சுவர் ஓரமாக நின்ற ஒரு குதிர் முன்னால் குந்தி உட்கார்ந்து, அதன் தோளிலிருந்து வயிறு வரை ஒரு சாண் நீளத்துக்கு ஓடிய பிளவை விரலால் தடவிக்கொண்டே அதைச் சொன்னார். நான் சிரித்துவைத்தேன். டீ குடிக்கிறீர்களா என்று கேட்டேன். அவர் டீ எடுக்கப் போன பிறகுதான் எரிச்சல் வந்தது. அவர் மேல் இல்லை, அந்த வாக்கியத்தின் மேல். ஒரு வருஷம் ஓடியும் அது அடங்கவில்லை.

நான் செய்வது குதிர்கள். கிராமத்து வீடுகளில் நெல் கொட்டி வைத்த மண் குதிர்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு உருவம் உடனே பிடிபடும். என்னுடையவற்றுக்கு வாய் கிடையாது, மேலே மூடிவிடுவேன். நெல்லும் கொட்ட முடியாது, தண்ணீரும் ஊற்ற முடியாது. இடுப்பு உயரத்துக்கு நிற்கும். பின்பக்கம் அடியில் கட்டைவிரல் நுழைகிற அளவுக்கு ஓர் ஓட்டை மட்டும் இருக்கும். சூளையில் உள்ளே இருக்கிற ஈரமும் ஆவியும் வெளியேற வழி வேண்டும், இல்லாவிட்டால் வெடித்துப் பக்கத்திலிருப்பதையும் சேர்த்துக் கெடுத்துவிடும். "உள்ளே என்ன இருக்கு?" என்று குழந்தைகள் கேட்பார்கள். காற்று என்பேன். ஏமாற்றமாகப் பார்ப்பார்கள்.

புதுச்சேரிக்கும் ஆரோவில்லுக்கும் நடுவில் இப்படி எத்தனையோ ஸ்டுடியோக்கள் இருக்கின்றன. 1971-இல் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் புதுச்சேரியில் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கினார்கள். அங்கே கற்றவர்கள், அவர்களிடம் கற்றவர்கள் என்று ஒரு கூட்டமே இந்த வட்டாரத்தில் மண்ணைப் பிசைந்துகொண்டிருக்கிறது. பொங்கல் முடிந்து மழை ஓய்ந்த நாட்களில் எங்களில் சிலர் கதவைத் திறந்து வைப்போம். அதற்கு முந்தைய நாள் படுகிற பாடு தனிக் கதை. மண்தூசியில் நுரையீரலுக்கு ஆகாத சிலிக்கா இருப்பதால் துடைப்பம் போட மாட்டோம், தரை முழுக்க ஈரத்துணியால்தான் துடைக்க வேண்டும். வருகிறவர்களில் பாதிப் பேர் "சக்கரம் எங்கே?" என்று கேட்டுக்கொண்டே நுழைவார்கள். சக்கரம் இருக்கிறது, அதன் மேல் வாளிகள் இருக்கின்றன. நான் கையால் மண்ணைத் திரியாக உருட்டி ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டுகிறவள் என்று விளக்கினால் முகம் கொஞ்சம் வாடும். அது பரவாயில்லை. விரிசல் விஷயத்துக்கு வருகிறேன்.

மண் ஏன் பிளக்கிறது

விரிசல் தானாக வந்து அமர்கிற அதிசயம் இல்லை. ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு, பெரும்பாலும் அதைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம். நான் பயன்படுத்துகிற மண் ஈரமாக இருப்பதிலிருந்து சுட்டு முடிவதற்குள் நீளத்தில் 10 முதல் 12 சதவீதம் வரை சுருங்கும். ஒரு மீட்டர் உயரத்துக்குக் கட்டினால் சூளையிலிருந்து வெளியே வரும்போது பத்து சென்டிமீட்டருக்கு மேல் காணாமல் போயிருக்கும். அந்தச் சுருக்கம் எல்லாப் பக்கமும் ஒரே வேகத்தில் நடக்க வேண்டும். பாதம் சூளைத்தட்டில் ஒட்டி இழுபடக் கூடாது என்பதற்காக அடியில் அதே மண்ணில் பலகை மாதிரி ஒன்றைப் பரப்பி, மணல் தூவி, அதன் மேல் சிற்பத்தை வைப்போம். அந்த மண்பலகையும் கூடவே சுருங்கிக் கொடுக்கும். மேல் அடுக்கு ஈரமாகவும் கீழ் அடுக்கு காய்ந்தும் இருந்தால் இரண்டும் சேருமிடம் வாய் பிளக்கும். அந்த இளைஞர் தடவிய பிளவு அந்த வகை. கார்த்திகை மழை விட்டு, திடீரென்று உலர்ந்த காற்று அடிக்கத் தொடங்கிய வாரத்தில் கட்டியது. காற்று பட்ட பக்கம் முந்திக்கொண்டது, சுவர்ப் பக்கம் பின்தங்கியது. இரண்டும் ஒன்றையொன்று இழுத்து, நடுவில் மண் விட்டுக்கொடுத்துவிட்டது.

சூளைக்குள் நடப்பது இன்னொரு வகை. மண்ணில் இருக்கிற குவார்ட்ஸ் 573 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது சட்டென்று விரியும், இறங்கும்போது அதே புள்ளியில் சட்டென்று சுருங்கும். அந்த இடத்தில் அவசரம் கூடாது. சூளை ஆறுவதற்குள் கதவைத் திறந்து குளிர்ந்த காற்றை உள்ளே விட்டால் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்தைக் கேட்டவர்களுக்கு வயிறு கலங்கும். கிளேஸ் (சூட்டில் உருகிக் கண்ணாடி மாதிரி படிகிற பூச்சு) பூசிய வேலையாக இருந்தால் பிளவின் ஓரத்தைப் பார்த்தே எப்போது பிளந்தது என்று சொல்லிவிடலாம். ஓரம் உருகி மழுங்கியிருந்தால் சூடேறும்போது பிளந்திருக்கிறது, கிளேஸ் உருகுவதற்கு முன்னால். விரலை அறுக்கிற கூர்மையோடு இருந்தால் ஆறும்போது. பெரிதாகக் கட்டக் கட்ட இந்த ஆபத்து எல்லாமே கூடும். ரே மீக்கர் 1980-களில் மண் செங்கல்லால் வீட்டையே கட்டி, அந்த வீட்டையே சூளையாக்கி உள்ளிருந்து சுட்டுப் பார்த்தவர். அந்தக் கதையைக் கேட்டால் என் இடுப்பு உயரக் குதிருக்கு நான் படுகிற கவலை எனக்கே கொஞ்சம் வெட்கமாக இருக்கும்.

இவ்வளவும் தெரிந்த ஒருத்தியிடம் வந்து "அதுதான் அழகு" என்றால், நடந்த எதையும் அவர் பார்க்கவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது. பிளவைப் பார்த்திருக்கிறார், அது எப்படி வந்தது என்று கேட்கவில்லை. "ஏன் பிளந்தது?" என்று ஒருவர் கேட்டுவிட்டால் போதும், நான் வேலையை விட்டுவிட்டு ஒரு மணி நேரம் பேசுவேன்.

விருத்தாசலத்துச் சத்தம்

என் எரிச்சலுக்கு ஊர்க்காரணமும் உண்டு. நான் விருத்தாசலம். பீங்கான் தொழிற்பேட்டையும் பீங்கான் தொழில்நுட்பம் சொல்லிக்கொடுக்கிற நிலையமும் இருக்கிற ஊர். பழைய வீடுகளில் மீட்டர் பலகையில் வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருக்குமே, அந்த ஃபியூஸ் கேரியர்களில் பலவும் அங்கே செய்யப்பட்டவைதான், இன்சுலேட்டர்களும் பொம்மைகளும்கூட. பக்கத்து நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியை எடுக்கத் தோண்டும்போது மேலடுக்கில் கிடைக்கிற களியும் இந்தத் தொழிலுக்கு உதவியது. அப்பா அங்கே ஒரு சின்னக் கம்பெனியில் சூளையிலிருந்து இறங்குகிற சரக்கைப் பிரிக்கிற வேலையில் இருந்தார்.

பிரிப்பது என்றால் தட்டுவது. கையில் ஒன்றை எடுத்து இன்னொன்றால் லேசாகத் தட்டுவார். 'டிங்' என்றால் வலப்பக்கக் கூடை. 'டொக்' என்றால் இடப்பக்கம். கண்ணுக்குத் தெரியாத மயிரிழைப் பிளவைக் காது கண்டுபிடித்துவிடும். மின்சாரம் போகிற சாமானில் பிளவு இருந்தால் ஈரம் புகும், ஈரம் புகுந்தால் கரண்ட் கசியும், அவ்வளவுதான் கணக்கு. அப்பாவுக்கு விரிசலைப் பற்றித் தத்துவம் எதுவும் கிடையாது. 'ரிஜெக்ட்' என்ற ஒரு சொல்தான் உண்டு. கம்பெனிக்குப் பின்னால் அந்த ரிஜெக்ட் வெள்ளைக் குன்றாகக் குவிந்து கிடக்கும். நாங்கள் அதன் மேல் ஏறி விளையாடி முழங்காலைக் கிழித்துக்கொள்வோம். யாரும் அதைப் பார்த்து அழகு என்று சொன்னதில்லை. இப்போது நினைத்தால் அது அழகாகத்தான் இருந்தது, அது வேறு விஷயம்.

ஜப்பானைக் கூப்பிடாதீர்கள்

விரிசலைப் பாராட்டுகிறவர்கள் அடுத்த நிமிஷமே ஜப்பானுக்குப் போய்விடுவார்கள். கின்ட்சுகி என்பார்கள், குறையிலும் பழமையிலும் அழகு பார்க்கிற வாபி சாபி என்பார்கள். உடைந்த கிண்ணத்தை அரக்கால் ஒட்டி, ஒட்டிய கோட்டில் தங்கப்பொடி தூவுகிற கலை எல்லோருடைய கைப்பேசிக்கும் வந்து சேர்ந்துவிட்டது. காதல் முறிந்தவர்கள், வேலை போனவர்கள் எல்லோருக்கும் அது ஆறுதலாகச் சொல்லப்படுகிறது. இருக்கட்டும். ஆனால் அந்தக் கலையை நேரே பார்த்தால், அங்கே தங்கம் பெறுவது பெரும்பாலும் பழகிய கிண்ணம். ஒரு வீட்டில் பல காலம் தேநீர் ஊற்றப்பட்டு, கையில் ஏந்தப்பட்டு, ஒரு நாள் நழுவி விழுந்து உடைந்தது. அதைத் தூக்கிப்போட மனம் வராத ஒருவர் செலவு செய்து ஒட்டுகிறார். போன வாரம் சூளையில் பிளந்த என் குதிர்மேல் அப்படிப் பழகியவர் யாரும் இல்லை.

இப்படி வாதம் செய்துகொண்டிருந்த என்னை மடக்குகிற ஒரு பானையும் ஜப்பானிலேயே இருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். இகா என்ற ஊரில் செய்த தேநீர்ச் சடங்குக்கான தண்ணீர்ச் சாடி, பெயர் 'யாபுரேபுகுரோ'. டோக்கியோவின் கோட்டோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சூளையிலேயே அடிவயிறு தொய்ந்து பெரிதாகப் பிளந்த சாடி. அதை முக்கியப் பண்பாட்டுச் சொத்து என்று அரசே அறிவித்து வைத்திருக்கிறது. அதன் படத்தை முதன்முதலில் பார்த்தபோது எனக்கும் மூச்சு நின்றது. என் அப்பா பார்த்திருந்தால் இடப்பக்கக் கூடையில் போட்டிருப்பார்.

இரண்டையும் எப்படிச் சேர்ப்பது என்று ரொம்ப நாள் குழம்பினேன். இப்போது தோன்றுவது இதுதான்: அந்தச் சாடியைத் தூக்கி வைத்தவர்கள் சாடிகளைத் தள்ளத் தெரிந்தவர்கள். தேநீர் ஆசான்கள் எதையும் லேசில் ஏற்றுக்கொண்டவர்கள் இல்லை. இது வேண்டாம், இதுவும் வேண்டாம் என்று தள்ளிக்கொண்டே வந்த கண்கள் ஓரிடத்தில் நின்று, இது மட்டும் இருக்கட்டும் என்றன. தள்ளத் தெரிந்தவர் ஏற்றுக்கொண்டால் அதற்கு எடை உண்டு. எங்கள் ஸ்டுடியோவுக்கு வருகிற நல்ல மனிதர்கள் எதையும் தள்ளுவதில்லை. எல்லாமே அருமை. கோணல் அருமை, சாய்வு அருமை, கிளேஸ் வழிந்தது அருமை, விரிசல் அதைவிட அருமை.

இதில் வேடிக்கை என்னவென்றால் இதே மனிதர்கள் மார்க்கெட்டில் வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்க்காமல் பைக்குள் போட மாட்டார்கள். புடவைக் கடையில் மடிப்பை முழுக்கப் பிரித்து, வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், ஓர் இழை ஓடியிருந்தால் திருப்பிக் கொடுப்பார்கள். மண்ணைக் கலை என்று சொல்லி ஒரு பீடத்தின் மேல் வைத்ததும் அந்தக் கைகள் எங்கே போகின்றன? செய்தவள் பக்கத்திலேயே நிற்கிறாள், டீ கொடுத்திருக்கிறாள், உள்ளே வரக் காசு வாங்கவில்லை. எப்படிக் குறை சொல்வது என்ற கூச்சம் ஒரு காரணம். விலையைக் கேட்டுவிட்டு வாங்க முடியாமல் போகிறவர்கள் பாராட்டையாவது கொடுத்துவிட்டுப் போகலாம் என்று நினைப்பது இன்னொரு காரணம். இரண்டும் நல்ல குணம்தான். எனக்குத்தான் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை. உடைந்த ஓடுகளை மனமாரப் பாராட்டத் தகுதி உள்ளவர்கள் தொல்லியல்காரர்கள் என்பேன். இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிற அரிக்கமேட்டில் 1945-இல் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது, இத்தாலியிலிருந்து வந்த சில ஓட்டுத் துண்டுகளை வைத்துத்தான் அந்தத் துறைமுகத்தின் காலத்தையே கணித்தார். அவர்களுக்கு முழுப்பானை கிடைத்தாலும் சந்தோஷம், துண்டு கிடைத்தாலும் சந்தோஷம்.

தட்டிப் பார்த்தவர்

அந்த இளைஞர் வந்த அன்று மத்தியானம் எங்கள் தெருவில் இட்லி மாவு விற்கிற அக்கா வந்தார். எத்தனையோ தடவை கூப்பிட்டிருக்கிறேன், "எனக்கு அங்க இன்னா வேலை?" என்று சிரித்துவிட்டுப் போய்விடுவார். அன்று பேரன் அடம் பிடித்ததால் வந்திருந்தார். பொங்கலுக்குப் பானை வாங்கி நாலைந்து நாள்தான் ஆகியிருந்தது, அந்தப் பழக்கம் கையில் இருந்திருக்க வேண்டும். 'தொடலாம்' என்று நான் எழுதி வைத்திருந்த பலகையை அவர் படித்தாரா தெரியாது. வரிசையாக நின்ற குதிர்களை முதலிலிருந்து விரல் முட்டியால் தட்டிக்கொண்டே வந்தார். காதைக் கொஞ்சம் சாய்த்து, ஒன்று, அடுத்தது, அதற்கடுத்தது. பேச்சு நின்று எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பின்சுவர் குதிரிடம் வந்தார். தட்டினார். 'டொக்.'

"இது போச்சு பாப்பா."

அந்தச் சென்னை இளைஞர் கையில் டீயோடு அங்கேயே நின்றிருந்தார். "இல்லம்மா, அந்த விரிசல்தான் அதுல அழகு" என்றார், மரியாதையாகத்தான். அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "அழகா இருந்தா நீ எடுத்துக்கப்பா. ஒடஞ்ச பானைல நாங்க செடி வெப்போம். காசு குடுத்து ஒடஞ்சத வாங்க மாட்டோம்." அவர் என்னைப் பார்த்தார். அது விற்பனைக்கு இல்லை என்றேன். உண்மையும் அதுதான், நகர்த்த ஆள் கிடைக்காமல் அங்கேயே நின்றுகொண்டிருந்தது. அந்த நிமிஷம் எனக்குள் வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? காலையிலிருந்து கிடைத்த அத்தனை 'அருமை'களும் சேர்ந்து தராத சந்தோஷம். என் வேலையை ஒருவர் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார், காரணத்தோடு.

சந்தோஷம் ரொம்ப நேரம் நிற்கவில்லை. அக்கா அடுத்த குதிரைத் தட்டினார். அதுவும் 'டொக்.' "இதுவும் போச்சு" என்றார். எனக்குச் சுருக்கென்றது. அது நல்ல குதிர். ஒரு மயிரிழைகூடக் கிடையாது. "அக்கா, அது போகல. அதுல சுட்ட மண்ண இடிச்ச பொடி நிறையக் கலந்திருக்கேன், கனமாக் கட்டினது, சூடும் கம்மியா வெச்சேன். மத்ததெல்லாம் 1,280 டிகிரிக்குப் போனது, அதான் கணீர்னு கேக்குது. இது அந்த அளவுக்குப் போகல" என்று மூச்சு விடாமல் விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். மறுபடியும் தட்டினார். "சத்தம் செத்துதான் இருக்கு." பானைக்குச் சொல்கிற கணக்கு இதற்கு ஒத்துவராது என்றேன். மண்ணுக்கு ஒரே கணக்குதான் என்றார். பேரன் நடுவில் நின்று இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான்.

கடைசியில் ஷட்டரை இறக்கச் சொன்னேன். கொட்டகை இருட்டானது. கைப்பேசி டார்ச்சைப் போட்டு அந்தக் குதிரின் பின் ஓட்டையில் வைத்து அழுத்தினேன். பிளவு இருந்தால் வெளிச்சம் கசிய வேண்டும். எங்கேயும் கசியவில்லை. குதிர் கன்னங்கரேலென்று நின்றது. அக்கா சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். "சரி, கெட்டியாத்தான் இருக்கு" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா சத்தம் எனக்குப் பிடிக்கல" என்றார். அதற்கு மேல் நான் வாதாடவில்லை. பிடிக்கவில்லை என்பது அவர் உரிமை.

அப்போது அந்த இளைஞர் தன் கைப்பேசியை எடுத்துப் பிளந்த குதிரின் ஓட்டையில் வைத்துவிட்டார். தோளிலிருந்து வயிறு வரை ஒரு வெளிச்சக் கோடு எரிந்தது, எதிர்ச் சுவரில் அதன் நிழலும் ஒளியும் விழுந்தன. எல்லோரும் "ஆ" என்றார்கள். அக்காவின் பேரன் கை தட்டினான். அக்காவே "அட" என்றார். சொல்லத்தான் வேண்டும், நன்றாக இருந்தது. அதுதான் எனக்கு எரிச்சல். அவர் காலையில் விரிசலைத் தடவிச் சொன்னது வெறும் மரியாதை வாக்கியம். இப்போது அதை என்ன செய்யலாம் என்று ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டார். இரண்டும் ஒரே ஆள்தான். நடுவில் நடந்தது என்னவென்றால், அக்கா அவரிடம் முடியாது என்று சொன்னது மட்டும்.

குதிரைகளுக்கு என்ன கணக்கு?

அன்று ராத்திரி அக்கா சொன்ன "மண்ணுக்கு ஒரே கணக்குதான்" என்பதையே திரும்பத் திரும்ப யோசித்துக்கொண்டிருந்தேன். ஒரே கணக்கு இல்லை என்பதற்கு என்னிடம் ஒரு சாட்சி உண்டு. அய்யனார் கோயில் குதிரைகள். புதுக்கோட்டைப் பக்கம் நமனசமுத்திரத்தில் கோயிலுக்குப் போகிற பாதையின் இரண்டு பக்கமும் சுடுமண் குதிரைகள் வரிசை வரிசையாக நிற்கும். ஊர்க்காரர்கள் பிடிமண் எடுத்துக் கொடுத்தால், குதிரை செய்கிற குயவரான வேளார் அதை வாங்கிக்கொண்டு வேலையைத் தொடங்குவார். உள்ளே கூடாக வைத்துக் கட்டி, மண்ணில் மணலும் உமியும் வைக்கோலும் கலந்து, சுட்டு, பிறகு வெள்ளையடித்து வண்ணம் தீட்டுவார்கள். அத்தனை பெரிய உருவத்தில் சின்னப் பிளவு வராமல் இருக்காது. வந்தால் பூசுவார்கள், மேலே வண்ணம் வந்துவிடும். புரவியெடுப்பு அன்று கண் திறந்து, தோளில் சுமந்து கொண்டுபோய்க் கோயிலில் வைத்துவிட்டால் அதோடு சரி. அதற்குப் பிறகு கால் ஒடியலாம், காது விழலாம், பக்கத்தில் மரம் முளைக்கலாம். யாரும் ஒட்டுவதில்லை. அடுத்த திருவிழாவுக்குப் புதுக் குதிரை வரும், பழையது பக்கத்திலேயே மண்ணாகிக்கொண்டிருக்கும். யாரும் அந்த ஒடிந்த காலைப் பார்த்து அதுதான் அழகு என்றும் சொல்வதில்லை, ரிஜெக்ட் என்றும் சொல்வதில்லை. அதன் வேலை முடிந்துவிட்டது.

ஆக அதே வேளார் சூளையிலிருந்து வருகிற பானைக்கு ஒரு கணக்கு, குதிரைக்கு இன்னொரு கணக்கு. பானையைத் தட்டிப் பார்க்கிற அதே அம்மா குதிரையைத் தட்டிப் பார்ப்பதில்லை, கும்பிடுகிறாள். என் குதிர்கள் இந்த இரண்டில் எதிலும் இல்லை. அவற்றில் யாரும் சோறு பொங்கப் போவதில்லை, யாரும் அவற்றைச் சாமிக்கு நேர்ந்துவிடவும் இல்லை. வாங்குகிறவர் வீட்டு வரவேற்பறையில் ஏசிக்குக் கீழே நிற்கப் போகின்றன. அவற்றுக்கு எந்தக் கணக்கு என்பதை ஊர் இன்னும் முடிவு செய்யவில்லை, நான்தான் செய்ய வேண்டியிருக்கிறது. வில்லியனூரில் வி.கே. முனுசாமி போன்றவர்கள் சுடுமண்ணில் செய்கிற நுணுக்கமான உருவங்களைப் பார்க்கும்போது (2020-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது) எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருக்கும். அங்கே ஒரு பிள்ளையாரின் தும்பிக்கை சரியாக வந்திருக்கிறதா இல்லையா என்று தெருவில் போகிற யாராலும் சொல்ல முடியும். என் குதிர் சரியாக வந்திருக்கிறதா என்று யாரைக் கேட்பது?

ரிஜெக்ட் மேசை

இந்தத் தையில் ஒரு மேசை போட்டேன். வாசலிலேயே, டீக்கு முன்னால். அதன் மேல் கையளவுக் குதிர்கள், சில நல்லவை, சில பிளந்தவை, எது எது என்று எழுதவில்லை. பக்கத்தில் ஒரு டார்ச், ஒரு மரக்குச்சி. ஒரு கூடையில் சாக்பீஸ். 'தட்டிப் பாருங்கள். எதைத் தள்ளலாம் என்று தோன்றுகிறதோ அதன் மேல் கோடு போடுங்கள்' என்று எழுதி வைத்தேன். பீங்கானில் சாக்பீஸ் கோடு ஈரத்துணியில் போய்விடும், ஆகவே பயமில்லை.

முதல் ஒரு மணி நேரம் யாரும் கோடு போடவில்லை. தட்டினார்கள், சிரித்தார்கள், குச்சியைக் கீழே வைத்துவிட்டு அருமை என்றார்கள். அக்காவின் பேரன்தான் தொடங்கிவைத்தான். அவன் போட்ட கோடுகளில் பாதி தப்பு. அவன் தப்பைத் திருத்த ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் குனிந்தார், அவர் காது சரியில்லை என்று அவர் மனைவி குச்சியை வாங்கினார். அப்புறம் நான் அந்தப் பக்கமே போக முடியவில்லை. மத்தியானத்துக்குள் மேசையில் இருந்ததில் முக்கால்வாசிக்குக் கோடு விழுந்துவிட்டது, நல்லவற்றுக்கும்தான். ஒருவர் கோடு போட்ட பொருளுக்குத் தள்ளுபடி உண்டா என்று கேட்டார். இல்லை, பிளந்தது எதுவும் விற்பனைக்கு இல்லை, இடித்துப் பொடியாக்கி அடுத்த மண்ணில் கலந்துவிடுவேன் என்றேன். அப்படியானால் பொடியை விற்பீர்களா என்றார். இந்த மாதிரி ஆட்கள் இருக்கிற வரைக்கும் புதுச்சேரி சுற்றுலா நன்றாக இருக்கும்.

மேசையின் வேலை வாசலோடு நின்றுவிடும் என்றுதான் நினைத்திருந்தேன். நுண்கலைக் கல்லூரி மாணவி ஒருத்தி சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டே உள்ளே வந்துவிட்டாள். இந்த வருஷம் நான் செய்ததில் பெரியது, எனக்குப் பிடித்ததும் அதுதான், நெஞ்சு உயரத்துக்கு நிற்கிறது. அதைச் சுற்றி வந்தாள். தட்டினாள், கணீரென்றது. டார்ச் அடித்தாள், எங்கும் கசியவில்லை. நான் பக்கத்தில் நின்றதைப் பார்த்துத் தயங்கினாள். சொல்லும்மா என்றேன். "விரிசல் எதுவும் இல்ல மேடம். ஆனா கீழ்ப்பாதி கட்டினப்ப இருந்த பொறுமை மேல்பாதில இல்ல. கழுத்துக்கிட்ட சீக்கிரம் மூடிட்டா போதும்னு மூடின மாதிரி இருக்கு" என்றாள். சொல்லிவிட்டுச் சாக்பீஸால் தோளுக்கு மேலே, சுற்றிலும், ஒரே கோடாகப் போட்டாள்.

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. இரண்டாம் வருஷம் படிக்கிற பெண். கூட வந்த தோழி அவள் கையைப் பிடித்து இழுத்தாள். நான் இரண்டடி தள்ளிப் போய் நின்று பார்த்தேன். கோடு சரியான இடத்தில்தான் விழுந்திருந்ததா என்று இன்றைக்கும் எனக்கு நிச்சயமில்லை. அந்தக் கழுத்தைக் கட்டிய வாரம் எனக்குக் கைவலி இருந்தது, அது அவளுக்குத் தெரிய வாய்ப்பே இல்லை. அதே சமயம் அந்தக் குறுகல் எனக்குப் பிடித்தே செய்தேன் என்றும் ஞாபகம். இதை அவளிடம் சொன்னேன். "ரெண்டும் இருக்கலாம் மேடம்" என்றாள். டீ வேண்டாம் என்று தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு அடுத்த ஸ்டுடியோவுக்குக் கிளம்பிப் போனாள்.

சாயங்காலம் பெங்களூர்க்காரர் ஒருவர் அந்தக் குதிரின் விலையைக் கேட்டார். 65,000 என்றேன். கழுத்தைச் சுற்றியிருந்த கோட்டைக் காட்டி அது என்ன டிசைன் என்றார். ஒரு பொண்ணு இதுக்கு மேல தேறலன்னு சொல்லிட்டா என்று விளக்கினேன். அவர் சற்று யோசித்துவிட்டு அப்புறம் வருவதாகச் சொன்னார். அது இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. விலையைக் குறைக்கவில்லை, கோட்டையும் துடைக்கவில்லை.